தராசு யார் கையில்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பதவி உயர்வு கிடைக்காத ஒரு சகோதரிக்கு நான் நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே விஷயத்தை, பெண்களுக்குப் பெரிய பதவிகள் எட்டாமல் போவதைப் பற்றியவை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக: நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். 1985 இல் ஒரு வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பிராந்திய முகாமையாளராக ஓய்வு பெற்றேன். இப்போது ஹட்டனில் இருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைப் போடவில்லை.

கேள்வி (தலவாக்கலை): அக்கா, ஒரு நிதி நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் முகாமையாளர் மாறிப் போனதிலிருந்து பதினாலு மாதம் நான்தான் பதில் கடமை பார்த்தேன். பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வெளியே வர இரவு ஏழு மணியாகும். போன மாதம் அந்தப் பதவிக்கு ஒரு தம்பியை அனுப்பினார்கள். அவருக்கு அடகுக் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். கேட்டதற்கு, "உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தோம்" என்றார்கள். அக்கறையாகச் சொன்னதுபோல இருந்ததால் கோபப்படவும் முடியவில்லை.

பதில்: தங்கச்சி, தாராளமாகக் கோபப்படுங்கள். பதினாலு மாதம் இரவு ஏழு மணிக்கு நீங்கள் ஓட்டோ தேடியபோது அவர்களுக்கு உங்கள் பிள்ளைகள் ஞாபகம் வரவில்லை. அந்த வேலைக்குரிய பெயரையும் சம்பளத்தையும் கொடுக்க வேண்டிய நாளில்தான் ஞாபகம் வந்திருக்கிறது. அதிலும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே உங்களுக்காக முடிவெடுத்திருக்கிறார்கள்.

நான் சேர்ந்த கிளையில் பெண்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் சேமிப்புக் கவுண்டரிலும் அடகுப் பிரிவிலும். கடன் பிரிவு முழுக்க ஆண்கள். அப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. "கடன் என்றால் வயல் வயலாகப் போய்ப் பார்க்க வேண்டும், லொறிக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும், உங்களுக்கு எதற்கு இந்தத் தொல்லை" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கும் அது சலுகையாகவே தெரிந்தது. ஆறேழு வருடம் போன பிறகுதான் விளங்கியது. கடன் பார்க்காதவரைக் கிளைக்குப் பொறுப்பாகப் போட மாட்டார்கள். கிளை நடத்தாதவர் பிராந்தியத்துக்குப் போக முடியாது. பிராந்தியம் பார்க்காதவரின் பெயரைத் தலைமை அலுவலகத்தில் யாரும் எடுக்கவே மாட்டார்கள். பணிப்பாளர் சபையில் ஏன் பெண்கள் இல்லை என்று கொழும்பில் இன்று கேட்கிறார்கள். அந்த நாற்காலிக்குரியவரை இருபது வருடத்துக்கு முன்பே ஏதோ ஒரு மலைநாட்டுக் கிளையின் சேமிப்புக் கவுண்டரில் உட்கார வைத்து, அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பெரிய பதவிக்குக் கிட்டே போன பெண்களைக் கடைசியில் தடுப்பதைக் கண்ணாடிக் கூரை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கூரையை அண்ணாந்து பார்க்கும் தூரத்துக்கே போவதில்லை, முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். அமெரிக்காவில் மெக்கின்சி நிறுவனமும் லீன் இன் அமைப்பும் ஆண்டுதோறும் செய்யும் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. 2024 இல் 100 ஆண்கள் முதல் முறையாக முகாமையாளர் ஆனபோது, பெண்கள் 81 பேர்தான் அந்தப் படியில் ஏறியிருக்கிறார்கள். அங்கே இழந்ததை மேலே போய் ஈடுகட்ட முடியாது.

எனக்கு வழி திறந்தது ஒருவருடைய நோயால். 1992 இல் கடன் அதிகாரிக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். வேறு ஆள் இல்லாததால் பேரேட்டை என்னிடம் தந்தார்கள். கந்தப்பொளையிலும் மீப்பிலிமானையிலும் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் சேற்றில் நடந்தேன். கடன் கேட்பவரின் நிலத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் விதைக்கிழங்கை எப்படி அடுக்கி வைத்திருக்கிறார் என்று பார்க்கப் பழகினேன். அதிகாரி குணமாகித் திரும்பிய அன்று முகாமையாளரிடம் போய், "என்னைக் கவுண்டருக்கு அனுப்பாதீர்கள் சேர்" என்றேன். ஏழு வருடம் கழித்து எனக்குக் கிளை கிடைத்ததற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம். சொல்லும்போது கால் நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் கடமை தொடங்கிய திகதி, முடிந்த திகதி, அந்தக் காலத்தில் வைப்பு எவ்வளவு கூடியது, வசூலாகாத கடன் எவ்வளவு குறைந்தது, எல்லாம் இலக்கத்தில் இருக்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: அடுத்த வெற்றிடத்துக்கு என்னைக் கருத இன்னும் என்ன தேவை? பதிலை எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இடமாற்றம் ஏற்பீர்களா என்று கேட்டால், எந்த ஊர், எத்தனை வருடம் என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டில் கலந்து பேசத்தான் வேண்டும். ஆனால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அந்த அறையில் சொல்லிவிடாதீர்கள். ஆண்கள் அதைச் சொன்னால் யாரும் குறித்துக்கொள்வதில்லை. நாம் சொன்னால் கோப்பில் ஏறிவிடும்.

எனக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தபோது மகனுக்கு ஆறு வயது. என் கணவர் ஆசிரியர். இரண்டு வருடம் அவரே சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தன் பாடசாலைக்கும் போய் வந்தார். "பொண்டாட்டியைச் சம்பாதிக்க அனுப்பிவிட்டு இருக்கிறவர்" என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்ட மனிதர் வீட்டில் இருந்ததால்தான் நான் போனேன். எத்தனையோ திறமைசாலிகளுக்கு அது வாய்க்கவில்லை.

கேள்வி (மஸ்கெலியா): அம்மா, எங்கள் தோட்டத்தில் முதல் தடவையாகப் பெண்களைக் கங்காணியாக, தொழிலாளர்களை மேற்பார்ப்பவர்களாகப் போட்டிருக்கிறார்கள். என் அம்மாவும் ஒருவர். ஆண்கள் சிலர் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பெண்களே, "நேற்று வரைக்கும் எங்களோடு கொழுந்து நிரையில் நின்றவள்தானே" என்கிறார்கள். விட்டுவிடலாமா என்று அம்மா யோசிக்கிறார். பெரிய பெரிய பதவிகளைப் பற்றி எழுதும் உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

பதில்: மகள், இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு தடவை வாசித்தது உன்னுடையதைத்தான்.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867 இல். அன்றிலிருந்து கொழுந்து எடுப்பது பெண்கள். தோட்டத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் கங்காணி, கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர், உதவி முகாமையாளரான சின்னத்துரை, முகாமையாளரான பெரியதுரை என்று மேலே போகப் போக ஆண்கள். எங்கள் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மலையில் நின்றவர். நான் சிறு பிள்ளையாகக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். தராசைப் பிடிப்பவர் ஆண். புத்தகத்தில் எழுதுபவர் ஆண். தண்ணிக்கு என்று இரண்டு கிலோ, சாக்குக்கு என்று இன்னொன்று கழிப்பார்கள். முள் எங்கே நின்றது என்று அம்மாவுக்குக் காட்ட மாட்டார்கள். 18 கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அம்மா ஒன்றும் கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடப்பார். சம்பள நாளில் அவர் சம்பளத்தையும் சேர்த்து வாங்கி வந்தவர் அப்பா. அப்பா கெட்டவரில்லை, அன்றைக்கு எல்லா லயத்திலும் அப்படித்தான்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது 1984 இல். அதற்குப் பிறகும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய ஆண்கள் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போனார்கள், கொழுந்தெடுத்த பெண்கள் பின்னேரம் வரை மலையில் நின்றார்கள். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயானது, 2024 இல் 1,350 ஆனது. அதற்காக எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று உங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைகளில் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தால், கொழுந்து எடுக்கும் கை ஒன்றாவது தெரிகிறதா?

உன் அம்மாவின் வேலை எப்படிப்பட்ட கதவு என்பதைச் சொல்கிறேன். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அந்தக் கம்பனிகளின் உச்சியில் இருக்கிறவர்களில் பலர் ஒரு காலத்தில் சின்னத்துரையாக மலையில் நடந்தவர்கள். ஆளை வேலை வாங்கி, நாளுக்கு எத்தனை கிலோ, ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டிப் பழகியவர்கள். அந்த வேலையைப் பெண்ணிடம் கொடுக்காத வரை, உச்சிக்குப் போகும் அந்த வழியில் பெண்ணுக்கு இடம் கிடையாது. தராசையும் புத்தகத்தையும் பெண்ணின் கையில் கொடுப்பது அந்த வழியின் முதல் அடி. பெண் கங்காணி வந்த தோட்டங்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அம்மாவிடம் சொல். நிறுக்கும்போது முள் நின்ற எண்ணைச் சத்தமாக வாசிக்கட்டும். எடுத்தவரின் கண் முன்னால் எழுதட்டும். கழிவு போட்டால் ஏன், எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போடட்டும். "நேற்று எங்களோடு நின்றவள்" என்று சொன்ன பெண்களே ஒரு மாதத்தில் அவர் தராசுக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். ஆண்களின் விஷயம் வேறு. அதை அம்மா தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும், இவர் சொல்வது தோட்டத்தின் உத்தரவு என்று துரையே தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஆண் கங்காணிக்குக் கொடுக்கிற படிப்பணம் இவருக்கும் வருகிறதா என்று சம்பளச் சிலிப்பை எடுத்துப் பாருங்கள். நீயும் படித்த பிள்ளையாகத் தெரிகிறாய். அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. அங்கே உள்ள பாடநெறிகளை விசாரித்துப் பார்.

கேள்வி (பதுளை, ஓய்வுபெற்ற அதிபர்): திறமை இருந்தால் யார் தடுக்க முடியும்? உலகின் முதல் பெண் பிரதமரை 1960 இலேயே தந்த நாடு இது. என் அனுபவத்தில், பொறுப்பை ஏற்கச் சொன்னால் பெண்கள்தான் பின்வாங்கினார்கள்.

பதில்: ஐயா, மரியாதையோடு மாறுபடுகிறேன். சிறிமாவோ அம்மையார் 1960 இல் பிரதமரானார், 1994 இல் அவர் மகள் சந்திரிகா ஜனாதிபதியானார், 2024 இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானார். மூன்றையும் நான் பெருமையோடுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் 2024 நவம்பரில் வெல்லும் வரை, இந்த மலைகளிலிருந்து ஒரு மலையகத் தமிழ்ப் பெண்கூடத் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனதில்லை. 1960 க்கும் 2024 க்கும் இடையில் 64 வருடம். அந்த 64 வருடமும் இங்கே ஒரு திறமைசாலிப் பெண்கூடப் பிறக்கவில்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

வியாபார உலகமும் அப்படித்தான். நம் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வேலைக்குப் போகும் வயதில் உள்ள பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்பவர்களோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளுக்குப் போனால் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறார்கள்.

பின்வாங்கினார்கள் என்கிறீர்கள். எதிலிருந்து பின்வாங்கினார்கள் என்று எப்போதாவது கேட்டீர்களா ஐயா? என் மாதாந்தக் கூட்டம் கொழும்பில் காலை ஒன்பதுக்கு. முதல் நாள் இரவு பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஹட்டனில் இரவுத் தபால் ரயில் ஏறுவேன். விடியற்காலையில் கோட்டை நிலையத்துப் பெண்கள் ஓய்வறையில் முகம் கழுவிச் சேலை மாற்றுவேன். கூட்டம் நாலு மணிக்கு முடியும். ஆனால் யாருக்கு எந்தக் கிளை என்பது ஏழு மணிக்கு, ஒரு கிளப்பில், கிளாஸ்களுக்கு நடுவே முடிவாகும். அந்த நேரம் நான் திரும்பி வரும் வண்டியில் இருப்பேன். அடுத்த மாதம் போனால் முடிவு வந்திருக்கும். அந்தப் பதவியை வேண்டாம் என்ற என் சிநேகிதிகள் பொறுப்புக்குப் பயந்தவர்களில்லை. கூட்டத்துக்குள் இருந்தும் வெளியே நிற்க வேண்டியிருப்பதைக் கண்டு சலித்தவர்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): ஒரு விடுதி நிறுவனத்தின் கணக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மூன்று வருடமாக நஷ்டத்தில் ஓடும் அவர்களுடைய இன்னொரு விடுதிக்குப் பொது முகாமையாளராகப் போகச் சொல்கிறார்கள். எனக்கு முன் இரண்டு ஆண்கள் விட்டுப் போனார்கள். இது வாய்ப்பா, பொறியா?

பதில்: இரண்டும்தான். இங்கிலாந்தில் எக்செட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹஸ்லம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005 இல் லண்டன் பங்குச் சந்தையின் பெரிய கம்பனிகளை ஆராய்ந்து பார்த்தார்கள். பெண்களைப் பணிப்பாளர் சபைக்கு எடுத்த கம்பனிகளில், அதற்கு முந்தைய மாதங்களிலேயே பங்கு விலை தொடர்ந்து சரிந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். வண்டி பள்ளத்தை நோக்கிப் போகும்போது சாவியைப் பெண்ணிடம் கொடுக்கிறார்கள். விழுந்தால், "பெண்ணிடம் கொடுத்தோம், விழுந்தது" என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். இதற்குக் கண்ணாடி விளிம்பு என்று பெயர் வைத்தார்கள். செங்குத்துப் பாறைகளுக்கு மேல் வாழும் ஹப்புத்தளைக்காரருக்கு விளிம்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு முதலில் கிடைத்த கிளையும் யாரும் போக விரும்பாத கிளைதான். வாராக் கடன் மலைபோல் கிடந்தது. கிடைத்ததே பெரிது என்று ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றேன். அதுதான் நான் செய்த பிழை. ஒன்பது மாதம் கழித்து, எனக்கு முன்னால் கொடுத்த கடன்களையும் என் தலையில் எழுதினார்கள். "பணிவும் போதாது" என்று என் வருடாந்த மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தார்கள். அதே கோப்பில் ஆண் முகாமையாளர்களுக்கு "கண்டிப்பானவர்" என்று பாராட்டு இருந்தது. பல இரவுகள் தூங்கவில்லை.

இரண்டாவது கிளைக்குப் போகும்போது கேட்டு வாங்கினேன். நீங்களும் வாங்குங்கள். பொறுப்பேற்கும் நாளின் நஷ்டக் கணக்கைக் கணக்காய்வாளர் கையெழுத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். உங்களோடு வர இரண்டு பேரை நீங்களே தெரிவு செய்யுங்கள். இரண்டு முழுப் பருவம் அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். விடுதித் தொழிலில் ஒரு நல்ல ஏப்ரலை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இவற்றைத் தந்தால் போங்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் நஷ்டத்தை மீட்டுக் காட்டினால், அதற்குப் பிறகு அவரை வெறும் கணக்குப் பகுதி என்று சொல்ல யாராலும் முடியாது. தர மறுத்தால், உங்களுக்கு முன் போன இருவரும் ஏன் போனார்கள் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி (பண்டாரவளை): தேயிலை, மிளகு, கறுவா பொதி செய்து விற்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இயந்திரம் வாங்கக் கடன் கேட்டால் கணவரின் கையெழுத்தையும் காணி உறுதியையும் கேட்கிறார்கள். வியாபாரம் என் பெயரில்தானே இருக்கிறது?

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து அதே கையெழுத்தை நானும் கேட்டிருக்கிறேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி, நானும் யோசிக்காமல் செய்தேன். அப்படித் திருப்பி அனுப்பிய சில முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டமே இடம் கொடுக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில், மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் மலையகத் தமிழருக்குரியதில்லை. தமிழ்ப் பெயரைக் கண்டதும் எல்லோருக்கும் அதே படிவத்தை நீட்டுபவர்கள் உண்டு. "எந்தச் சட்டத்தின்படி கேட்கிறீர்கள்?" என்று அமைதியாகக் கேளுங்கள். பிணையாளர் வேண்டும் என்றால், அது கணவராகத்தான் இருக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

காணி உறுதிதான் நம்மவர்களுக்குப் பெரிய சுவர். லயத்து அறை நம்முடையதில்லை, நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. நாலு தலைமுறை குடியிருந்தாலும் ஈடு வைக்க ஒரு பேர்ச் நிலம்கூடக் கிடையாது. ஏழு பேர்ச் காணியில் புதிய வீடு கிடைத்தவர்கள், உறுதி கைக்கு வந்ததா, அதில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு இப்போதைக்கு, வாங்கப் போகும் இயந்திரத்தையே ஈடாக வைக்கும் குத்தகைக் கடன் பொருந்தும். இரண்டு வருட விற்பனைப் பட்டியல்களைத் திகதிவாரியாகக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (நானுஓயா, கடை உரிமையாளர்): மேற்பார்வைக்கு ஒரு பெண்ணைப் போட விருப்பம். ஆனால் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை நான்தானே கொடுக்க வேண்டும்? சின்ன வியாபாரம் தாங்குமா?

பதில்: தம்பி, மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பலர் இதை மனதில் வைத்துக்கொண்டு வேறு காரணம் சொல்கிறார்கள். பிரசவ விடுமுறைச் சட்டங்களின் 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாளாகக் குறைந்துவிடும். அந்தத் திருத்தம் நியாயமானது. ஆனால் சம்பளம் முழுவதும் ஒரு முதலாளியின் பையிலிருந்து வருவது பிழையான ஏற்பாடு என்பது என் திடமான எண்ணம். இந்தியாவில் தொழிலாளர் அரச காப்புறுதியில் பதிவானவர்களுக்கு அந்த நிதியம் கொடுக்கிறது. இங்கும் அப்படி ஒரு பொது நிதி வேண்டும். ஆண்களை மட்டும் வைத்திருக்கும் முதலாளியும் அதில் பங்கு போட வேண்டும். அதுவரை உங்கள் கணக்கை நீட்டிப் பாருங்கள். நல்ல மேற்பார்வையாளர் பத்து வருடம் நிற்பார், அதில் 84 நாள் எவ்வளவு? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் களவிலும் கழிவிலும் போவது எவ்வளவு?

கேள்வி (கண்டி): பணிப்பாளர் சபைகளில் பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டும் என்பீர்களா? திறமையில்லாதவர்கள் வந்துவிட மாட்டார்களா?

பதில்: வேலையில் இருந்த காலம் முழுக்க ஒதுக்கீடு வேண்டாம் என்று சொன்னவள் நான். என் உழைப்பைக் குறைத்துப் பேசுவார்களோ என்ற பயம். இப்போது வேண்டும் என்கிறேன். நோர்வேயில் 2003 இல் 40 வீதம் என்று சட்டம் போட்டார்கள். அதற்கு முன் பத்து வீதத்துக்கும் கீழே இருந்த பெண்கள் ஐந்தாறு வருடத்தில் 40 வீதமானார்கள். கம்பனிகள் இடிந்து விழவில்லை. இந்தியாவில் 2013 கம்பனிச் சட்டம் பட்டியலிட்ட கம்பனிகளில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. பல குடும்பக் கம்பனிகள் மனைவியையும் மகளையும் உட்கார வைத்துச் சமாளித்தன. அதனால் பெரிய கம்பனிகளுக்குக் குடும்பம் சாராத, சுயாதீனமான பெண் பணிப்பாளர் வேண்டும் என்று பிறகு விதியை இறுக்கினார்கள். நம் உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் 2018 தேர்தலில் வந்தது. பட்டியலில் பெயருக்குப் போடப்பட்டவர்களும் இருந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்காகச் சபையை அசைத்த பெண்களும் இருந்தார்கள். திறமையில்லாத ஆண்கள் எத்தனை சபைகளில் எத்தனை வருடம் இருந்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கேள்வி (டிக்கோயா): அன்ரி, உயர்தரம் வர்த்தகப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். கொழும்பில் கடையில் வேலை இருக்கிறது, போ என்கிறார்கள் வீட்டில். ஒரு கம்பனியை நடத்தும் இடத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. சொன்னால் சிரிக்கிறார்கள். ஆங்கிலமும் சிங்களமும் எனக்குச் சரியாக வராது.

பதில்: நான் சிரிக்கவில்லை மகள். கடை வேலைக்குப் போக வேண்டிய நிலை வந்தால் போ, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் கையில் ஒரு படிப்பைப் பிடித்துக்கொண்டு போ. பட்டயக் கணக்காளர் படிப்பை உயர்தரத்தோடு தொடங்கலாம், வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதலாம். பல்கலைக்கழகம் கிடைத்தால் அதை விடாதே. வேலை தெரிவு செய்யும்போது வாடிக்கையாளரிடமும் பணத்திடமும் போகிற பிரிவைக் கேள். விற்பனை, கடன், உற்பத்தி எதுவானாலும் சரி. கோப்பு அடுக்கும் மூலையில் உட்கார வைத்தால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருக்காதே.

சிங்களம் எனக்கு வந்தது பக்கத்துக் கவுண்டர் சகோதரியோடு தினமும் சாப்பாட்டுப் பொட்டலம் பகிர்ந்ததால். ஆங்கிலத்துக்குத்தான் பாடுபட்டேன். கொழும்பில் முதல் இரண்டு கூட்டத்திலும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது முறை ரயிலில் நாவலப்பிட்டி தாண்டும் வரை ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி எழுதி அடித்தேன். வசூல் இலக்கைப் பருவ மழைக்கு ஏற்ப மாற்றுங்கள், மரக்கறிக்காரரிடம் ஜூலையில் பணம் இருக்காது என்பதுதான் அது. கூட்டத்தில் காலை பத்து மணிக்கு எழுந்து நின்று அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த காலாண்டில் இலக்கு மாறியிருந்தது.

அன்று வைத்திருந்த ஆங்கிலம் தமிழ் அகராதி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது, அட்டை கிழிந்திருக்கிறது. பழைய கணிப்பான் ஒன்றும் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. முடிவு வந்ததும் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுது. ஹட்டனுக்கு வரும் நாளில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.